போனில் பறக்குது, கம்ப்யூட்டரில் நகரலை

வீரவநல்லூரில் என் பெரியப்பா வீடு பழைய காலத்து வீடு. தார்சா என்கிற முன் திண்ணைப் பகுதி, பட்டாசல் என்கிற கூடம், அரங்குவீடு என்கிற உள்ளறை, அடுக்களை என்று ரயில் பெட்டி மாதிரி பின்னால் போய்க்கொண்டே இருக்கும், சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் குறையாது. அரங்குவீட்டில் முன்பு நெல் கிடந்தது, இப்போது மைனியின், அதாவது அண்ணன் மனைவியின், கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில்தான் சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறார். தொகையிடலில் பாதிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது "டீச்சர், கேக்கலை, திரும்பச் சொல்லுங்க" என்று எட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்தினால் எப்படி இருக்கும்?

அண்ணன் இன்டர்நெட் லைன் கம்பெனிக்கு மூன்று தடவை போன் போட்டாயிற்று. வந்த பையன் தார்சாவில், ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று, தன் போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டினான். "92 வருது அண்ணாச்சி, லைன் சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அப்புறம் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏல, இந்தச் சவத்தை வந்து என்னன்னு பாருல. நூறுக்குப் பணம் கட்டுதோம், உங்க அண்ணன் லேப்டாப்புல பதினொண்ணுதான் காட்டுது, உங்க மைனிக்கு அதுவும் இல்ல."

இதில் அந்தப் பையன் சொன்னது பொய்யில்லை. பெரியப்பா பார்த்ததும் பொய்யில்லை. மைனியின் கஷ்டமும் உண்மை. மூன்றும் எப்படி ஒரே வீட்டில் உண்மையாக இருக்கும் என்பதுதான் இங்கே சொல்லப்போகிற விஷயம். வீட்டில் போனெல்லாம் நன்றாக ஓடுகிறது, ஒரு கம்ப்யூட்டர் மட்டும் இழுக்கிறது என்றால் எங்கே கை வைப்பது? எல்லாமே மெதுவாக இருந்தால் அது வேறு கதை.

வீரவநல்லூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம், ஏனென்றால் ஊருக்குக் கன்னடியன் கால்வாய் பாசனம். கால்வாயில் தண்ணீர் போகிறது, பக்கத்து வயலில் வரப்பு தெரியாமல் ஏறிக் கிடக்கிறது, நம் வயல் மட்டும் வெடித்துக் கிடக்கிறது என்றால் யாராவது பாபநாசம் அணைக்கு பஸ் ஏறுவார்களா? மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் வயலின் மடையைத்தான் பார்ப்போம். குப்பை அடைத்திருக்கும், நண்டு வளை தோண்டியிருக்கும், இல்லை மடையே திறந்திருக்காது. இன்டர்நெட்டிலும் அப்படித்தான். தெருக் கம்பத்திலிருந்து ஃபைபர் வருகிறது, வீட்டுச் சுவரில் இருக்கிற பெட்டியில் இறங்குகிறது, ரூட்டர் அதைப் பிரித்துக் கொடுக்கிறது. இதுவரை போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொது. அதற்குப் பிறகுதான் தனித்தனி: காற்றிலோ கம்பியிலோ ரூட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை வருகிற தூரம், கம்ப்யூட்டரில் அதை வாங்குகிற சின்னச் சில்லு, உள்ளே ஓடுகிற விண்டோஸ், கடைசியில் பிரவுசர். போனுக்கு நன்றாக வந்தால், கோளாறு இந்தக் கடைசி நாலில் ஒன்றில்தான்.

ஆனால் "போனுக்கு நன்றாக வருகிறது" என்பதை முதலில் ஒழுங்காகச் சோதிக்க வேண்டும், முக்கால்வாசிப் பேர் இங்கேயே வழுக்கி விழுகிறார்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் வையுங்கள். வைஃபை தள்ளாடினால் போன் சத்தமில்லாமல் சிம் கார்டு டேட்டாவுக்குத் தாவிக்கொள்ளும், நீங்கள் வீட்டு நெட் பிரமாதம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அடுத்தது, போனைக் கம்ப்யூட்டர் இருக்கிற மேஜையிலேயே வைத்துச் சோதிக்க வேண்டும். தார்சாவில் நின்று சோதித்த அந்தப் பையனின் 92, தார்சாவுக்கு மட்டும்தான் செல்லும், இரண்டு சுவர் தாண்டி அரங்குவீட்டில் என்ன வருகிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. நான் போய் மைனியின் மேஜையில் போனை வைத்துப் பார்த்தபோது 61 வந்தது. அதே மேஜையில் அதே நேரத்தில் கம்ப்யூட்டரில் 6. சரி, அப்போது கம்ப்யூட்டர் பக்கம்தான் என்று முடிவு. போனிலும் 6 வந்திருந்தால் இடத்தின் குற்றம், கம்ப்யூட்டரை விட்டுவிட்டு ரூட்டரை நகர்த்தப் போயிருப்பேன்.

சோதிக்கிறதுக்கு முன்னால் கம்ப்யூட்டரில் மற்ற எல்லாவற்றையும் மூடுங்கள், மூன்று தடவை ஓட்டுங்கள், எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். எழுதாவிட்டால் பத்து நிமிடத்தில் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று குழம்பிவிடும். அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலு விஷயத்தை ஒரேயடியாக மாற்றிச் சரியானால், அடுத்த மாதம் திரும்ப வரும்போது எது மருந்து என்று தெரியாது.

இப்போது பெரியப்பாவின் பதினொன்றுக்கு வருகிறேன். கம்பெனிக்காரர்கள் 100 என்று விற்பது நொடிக்கு 100 மெகாபிட், ஸ்பீடு டெஸ்ட் காட்டுவதும் அதே அளவைதான். கோப்பு இறங்கும்போது கம்ப்யூட்டர் பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டும். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். பெரியப்பாவிடம் இதைப் பிட், பைட் என்று சொல்லிப் பார்த்தேன், முகம் மாறவில்லை. "8 படி ஒரு மரக்கால்லா பெரியப்பா, அவன் படிக் கணக்குல விக்கான், கம்ப்யூட்டர் மரக்கால்ல அளக்குது" என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். 100 படி நெல்லை மரக்காலால் அளந்தால் பன்னிரண்டரை வரும், வழியில் சிந்துகிறது போக பதினொன்று வந்தால் அது முழு அளவுதான். ஆக, அண்ணன் லேப்டாப்பில் குறையே இல்லை. உங்களுக்கும் "பத்தில் ஒரு பங்குதான் வருது" என்று தோன்றினால், முதலில் எந்த அளவையில் பார்க்கிறீர்கள் என்று பாருங்கள். அங்கேயே பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

ஸ்பீடு டெஸ்ட் மூன்று எண் கொடுக்கும். இறக்கும் வேகம், ஏற்றும் வேகம், அப்புறம் பிங் என்று மில்லிசெகண்டில் ஒன்று. நாம் முதல் எண்ணை மட்டும்தான் பார்ப்போம். வீடியோ பார்ப்பவருக்கு அது போதும். மைனி மாதிரி பேசுகிறவர்களுக்கு, வகுப்பு எடுக்கிறவர்களுக்கு, குரலும் முகமும் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும். அது ஏற்றும் வேகம். மைனிக்கு அது 0.8. இவருக்குப் பிள்ளைகள் பேசுவது தெளிவாகக் கேட்டிருக்கிறது, அதனால் "எனக்கு நல்லாத்தான் இருக்கு, பிள்ளைங்க வீட்டுலதான் நெட்டு சரியில்ல" என்று ஒரு மாதம் நினைத்திருக்கிறார். பாவம் அந்தப் பிள்ளைகள்.

அடுத்து செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான், ஆனால் அது பத்துச் சோதனைக்குச் சமம். வைஃபையை அணைத்துவிட்டு ரூட்டரிலிருந்து நேராக ஒரு நெட்வொர்க் கேபிளைக் கம்ப்யூட்டரில் சொருகுவது. கேபிளில் வேகம் வந்துவிட்டால், கம்ப்யூட்டரின் உள்ளே பெரிதாகக் கோளாறு இல்லை, குற்றம் காற்றில் வருகிற வழியில். கேபிளிலும் வரவில்லை என்றால் ஒன்று கேபிள், இல்லையென்றால் கம்ப்யூட்டரின் உள்ளே. நான் 15 மீட்டர் கேபிளை எடுத்துப் போயிருந்தேன், தார்சாவிலிருந்து தரையோடு தரையாக அரங்குவீடு வரை இழுத்தோம், பெரியம்மா இரண்டு தடவை தடுக்கிக்கொண்டு என்னைத் திட்டினார். 93 வந்தது. அப்போது காற்று.

வைஃபை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது வீடுகளில் பெரும்பாலும் இரண்டு அலைவரிசையில் ஓடுகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்று. 2.4 தூரம் போகும், சுவரைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம்: ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. அதற்குள் சேனல் என்கிற தடங்கள் 13 இருந்தாலும் ஒன்றோடொன்று உரசாமல் இருப்பது 1, 6, 11 என்று மூன்றே மூன்று, சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் பத்து வீட்டு ரூட்டரும் அந்த மூன்றில்தான் அடித்துக்கொள்ள வேண்டும். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். மைனி வீட்டில் என் போன் 5-ல் இருந்தது, கம்ப்யூட்டர் 2.4-ல். ஒரே வீடு, ஒரே ரூட்டர், இரண்டு வேறு சாலை.

எதில் இருக்கிறோம் என்று பார்ப்பது சுலபம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை என்று போனால் இணைந்திருக்கிற வைஃபையின் விவரப் பக்கத்தில் அலைவரிசையும் இணைப்பு வேகமும் இருக்கும். இந்த இணைப்பு வேகம் என்பது கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில் பேசி முடித்துக்கொண்ட வேகம், இன்டர்நெட் வேகம் இல்லை. வைஃபையில் இதில் ஏறக்குறையப் பாதிதான் கைக்கு வரும், மீதி காற்றில் ஒருவருக்கொருவர் வழி விட்டுக் காத்திருப்பதில் போய்விடும். மைனிக்கு அங்கே 13 என்று காட்டியது. 13-ல் பாதி 6, கணக்கு சரியாக வந்துவிட்டது. இனி லைன் கம்பெனியைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்?

ஏன் 13? கம்ப்யூட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அது உள்ளே வைஃபை இல்லாத டெஸ்க்டாப், யூஎஸ்பியில் சொருகுகிற கட்டைவிரல் நகம் அளவு அடாப்டர் ஒன்றை வாங்கி, சிபியு பெட்டிக்குப் பின்னால், சுவரைப் பார்க்கிற பக்கம் சொருகியிருந்தார்கள். அதற்கு முன்னால் சிபியுவின் இரும்புப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் கல்யாணத்துக்கு வந்த இரும்பு பீரோ, அப்புறம் இரண்டு சுவர். அடாப்டரின் அட்டையில் 150 என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது 2.4-ல் மட்டும் ஓடுகிற வகை. அந்த 150-உம் அகலமான சேனல் கிடைத்தால்தான், சாதாரணமாக 72-க்கு மேல் பேசாது, அதில் பாதி என்றால் நல்ல நாளிலேயே 36. இன்னொரு சங்கதி, அதை நீல நிற யூஎஸ்பி 3 துளையில் சொருகி, பக்கத்துத் துளையில் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் மாட்டியிருந்தார்கள். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸைச் சுற்றி இரைச்சல் கிளப்பும். இது ஊகம் இல்லை, இன்டெல் கம்பெனியே 2012-ல் அறிக்கையாக எழுதியிருக்கிறது.

ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை மாட்டி, அடாப்டரைப் பின்னாலிருந்து மேஜை மேலே, கதவைப் பார்த்தாற்போல் கொண்டுவந்து வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. 6 என்பது 31 ஆயிற்று. மைனி "இவ்வளவுதானா?" என்றார், எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, பாளையங்கோட்டையிலிருந்து மெனக்கெட்டு வந்து ஒரு வயரை மாட்டிவிட்டுக் காபி குடிப்பது. புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டு அலைவரிசையும் இருக்கிற, கொம்பு வைத்த அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் சுவர் தடியான வீட்டில் 5 எட்டாமல் 2.4 தான் நன்றாக வரும் இடங்களும் உண்டு, இரண்டையும் சோதித்து எது அதிகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரை பித்தளைக் குடத்துக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் ஒளித்து வைக்காமல், ஆள் உயரத்தில் வெளியே தெரிகிற மாதிரி வைப்பது காசில்லாத வைத்தியம். ரிப்பீட்டர் வாங்கி நடுவில் மாட்டலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் கேட்டு அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்லும், அதனால் வேகம் பாதியாகிவிடும். எனக்கு அதில் பெரிய அபிப்பிராயம் இல்லை.

இன்னொரு வேடிக்கை, கரண்ட் போய் வந்த பிறகு நடப்பது. ரூட்டர் திரும்ப எழும்போது 2.4 முதலில் எழுந்துவிடும். 5-ல் சில சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், ரூட்டர் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அங்கே பேசத் தொடங்க வேண்டும் என்று விதி. அதற்குள் கம்ப்யூட்டர் அவசரப்பட்டு 2.4-ஐப் பிடித்துக்கொள்ளும், பிடித்ததை விடவும் செய்யாது. "காலையில் நல்லா இருந்தது, கரண்ட் போனதுலேர்ந்து மெதுவா இருக்கு" என்று யாராவது சொன்னால், வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் ரூட்டரில் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கேபிள் போட்டவர்கள் சிரிக்க வேண்டாம், அங்கேயும் சிக்கல் உண்டு, அதில் நானே மூக்குடைபட்டிருக்கிறேன். என் வீட்டில் 200 திட்டம். போனில் 180, 190 வரும். கேபிளில் இருக்கிற என் கம்ப்யூட்டரில் எப்போது பார்த்தாலும் 94. காலையில் 94, நடுராத்திரியில் 94. கஸ்டமர் கேரில் மூன்று வாரம் சண்டை போட்டேன், ஒருநாள் கொஞ்சம் மரியாதை இல்லாமலே பேசிவிட்டேன். அந்த 94-தான் துப்பு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கோளாறான லைன் ஏறி இறங்கும், ஒரே எண்ணில் ஆணி அடித்த மாதிரி நிற்காது. நெட்வொர்க் கேபிள் இணைப்பு 1000-க்குப் பதிலாக 100-ல் பேசி முடித்திருந்தால், தகவலைச் சுமந்து போகிற பொட்டலங்களுக்கு மேல் ஒட்டுகிற விலாசச் சீட்டுக்கான இடம் போக, கைக்கு வருவது சரியாக 94, 95.

அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 100 வேகத்துக்கு ஆரஞ்சும் பச்சையும் மட்டும் போதும். 1000-க்கு நாலு ஜோடியும் உயிரோடு இருக்க வேண்டும். என் கேபிள் படுக்கையறைக் கதவு இடுக்கு வழியாகப் போனது. ஒவ்வொரு தடவை கதவைச் சாத்தும்போதும் கீல் பக்கம் நசுங்கி நசுங்கி, உறையை உரித்துப் பார்த்தபோது பழுப்புக் கம்பி ஒன்று முடி மாதிரி துண்டாகியிருந்தது. மற்ற ஏழும் பத்திரம். முழுதாகச் செத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், பாதி உயிரோடு ஓடியதால்தான் மூன்று வாரம். இணைப்பு வேகம் எவ்வளவு என்பதை அதே செட்டிங்ஸில், ஈதர்நெட் என்கிற பக்கத்தில் பார்க்கலாம். 100 என்று இருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்புறம் ரூட்டரில் வேறு துளையில் சொருகிப் பாருங்கள். அப்போதும் 100 என்றால் கம்ப்யூட்டரின் துளையே பழைய 100 வகையாக இருக்கலாம், சில மலிவு ரூட்டர்களில் ஒரு துளை மட்டும்தான் 1000, மற்றவை 100. வாங்கும்போது கேபிளின் மேல் கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். 100 மீட்டர் வரை 1000-க்குத் தாங்கும், எவ்வளவு பெரிய வீட்டுக்கும் போதும்.

சரி, வீரவநல்லூருக்குத் திரும்புவோம், ஏனென்றால் கதை இன்னும் முடியவில்லை. 31 வந்த பிறகும் ஏற்றும் வேகம் 3-ஐத் தாண்டவில்லை, மைனி என் போனைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார், குரல் இன்னமும் வெட்டியது. ஒரு காரணத்தைக் கண்டுபிடித்ததும் கையைக் கழுவிவிடக் கூடாது, பல நேரம் இரண்டு காரணம் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். இனி பார்க்க வேண்டியது கம்ப்யூட்டரின் உள்ளே.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் நெட்வொர்க் என்கிற தலைப்பை ஒரு தட்டுத் தட்டினால் யார் அதிகம் குடிக்கிறார்களோ அவர்கள் மேலே வருவார்கள். மைனி வீட்டில் மேலே நின்றது, படங்களை கிளவுட் என்கிற இன்டர்நெட் கிடங்கில் சேமிக்கிற ஒன்டிரைவ். கொழுந்தியாள் கல்யாணப் படங்கள், வீடியோ எல்லாவற்றையும் அண்ணன் பென் டிரைவில் கொண்டுவந்து பிக்சர்ஸ் என்கிற ஃபோல்டரில் கொட்டியிருக்கிறார், அது 60 ஜிபிக்கு மேல். அந்த ஃபோல்டர் கிடங்கோடு இணைந்திருப்பது அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் போட்ட நேரமெல்லாம் அது தாலி கட்டுகிற வீடியோவை மேலே ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, டியூஷன் நேரத்தில் மட்டும்தான் கம்ப்யூட்டர் போடுவார்கள் என்பதால் சரியாக டியூஷன் நேரத்தில். ஏற்றுகிற வழி அடைத்துக்கொண்டால் குரல் போகாமல் நிற்பதோடு முடியாது, இறக்குகிறதும் சேர்ந்து திணறும், ஏனென்றால் ஒவ்வொரு பொட்டலம் வந்து சேர்ந்ததற்கும் "கிடைத்தது" என்று ஒரு பதில் அதே வழியாக வெளியே போக வேண்டும். ஒத்திசைவை நிறுத்தி வைத்தேன். ஏற்றும் வேகம் 24. அந்தச் செயலியிலேயே ஏற்றும் வேகத்துக்கு ஒரு வரம்பு போட்டுவிடவும் முடியும், அண்ணன் வேண்டாம் என்றார், ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டோம்.

இதே மாதிரி பின்னால் இருந்து குடிக்கிற இன்னும் சில பேர் உண்டு. விண்டோஸ் அப்டேட் ஒன்று, விளையாட்டுச் செயலிகள் தாமாகவே இறக்குகிற அப்டேட்டுகள் ஒன்று. விண்டோஸ் அப்டேட்டின் கூடுதல் அமைப்புகளில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒரு பக்கம் இருக்கும். நீங்கள் இறக்கிய அப்டேட்டை இன்டர்நெட்டில் முகம் தெரியாத கம்ப்யூட்டர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க அதில் ஒரு வசதி. தர்மம் நல்லதுதான், உங்கள் ஏற்றும் வேகம் குறைவு என்றால் அதை வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். எப்போதோ ஒரு தேவைக்குப் போட்ட, இணைப்பை வேறிடம் வழியாகச் சுற்றிவிடுகிற இலவச விபிஎன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், உங்கள் பக்கத்து ஊர் போகிற தபால் அயல்நாட்டைச் சுற்றிவிட்டு வந்தால் மெதுவாகத்தான் வரும். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். பிரவுசரில் மட்டும் மெதுவாக இருந்தால் வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள், அதில் ஓடினால் குற்றம் பெரும்பாலும் முதல் பிரவுசரில் சேர்த்திருக்கிற எக்ஸ்டென்ஷன் என்கிற துணைச் செயலிகளில்.

இன்னொன்று, இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்: ஸ்பீடு டெஸ்டில் 90 வருகிறது, பக்கம் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. அது நெட் இல்லை. அதே டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்கிற இடத்தில் 100 சதவீதம் என்றே நின்றால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் மூச்சு வாங்குகின்றன என்று அர்த்தம். அந்தக் கம்ப்யூட்டருக்கு 1000 லைன் கொடுத்தாலும் அதே கதைதான். எஸ்எஸ்டி என்கிற சுழலாத டிஸ்க் ஒன்று போட்டால் நெட் வேகமாகிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள்.

ஸ்பீடு டெஸ்டின் மூன்றாவது எண் பிங் என்றேன். வேகம் என்பது வாய்க்காலின் அகலம் என்றால் பிங் என்பது அக்கரையில் நிற்கிறவரைக் கூப்பிட்டு, அவர் "என்னல" என்று பதில் சொல்லி அது நம் காதில் விழுகிற நேரம். ஸ்டார்ட்டில் சிஎம்டி (cmd) என்று ஆங்கிலத்தில் தேடினால் ஒரு கறுப்புத் திரை வரும், அதில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் அடித்தால் டிஃபால்ட் கேட்வே என்று ரூட்டரின் விலாசம் கிடைக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பிங் (ping) என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு எண்டர் தட்டுங்கள். கேபிளில் 1 மில்லிசெகண்ட் கூட ஆகாது, நல்ல வைஃபையில் 2 முதல் 5 வரை. அங்கே 200, 300 என்று துள்ளினாலோ பதிலே வராமல் போனாலோ, இந்தப் பேச்சு வீட்டுக்குள்ளேயே நடப்பது என்பதை நினைவில் வையுங்கள், லைன் கம்பெனிக்கு இதில் பங்கே இல்லை. ரூட்டருக்கு ஒழுங்காக வந்து, வெளியே இருக்கிற கூகுளின் விலாசமான 8.8.8.8-க்கு மட்டும் துள்ளினால்தான் வெளியே பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமான சோதனை இல்லை, ஒரு நிமிடத்தில் பாதி உலகத்தைக் கழித்துவிடலாம்.

டிஎன்எஸ்ஸை மாற்றினால் வேகம் கூடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. ஊருக்குப் புதிதாக வந்தவர் டீக்கடையில் "வாத்தியார் வீடு எது?" என்று கேட்கிற மாதிரி, கம்ப்யூட்டர் ஒவ்வொரு தளத்தின் பெயரையும் சொல்லி அதன் எண் விலாசத்தைக் கேட்கிறது. டீக்கடைக்காரர் பராக்குப் பார்த்துக்கொண்டு தாமதமாகச் சொன்னால் கிளம்புவது தாமதமாகும், கிளம்பிய பிறகு நடை வேகம் அதேதான். ஆகவே புதுப் பக்கம் திறக்க நாலைந்து நொடி யோசித்துவிட்டு, அப்புறம் சட்டென்று கொட்டுகிறது என்றால் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். பெரிய கோப்பு மெதுவாக இறங்குகிறது என்றால் இது அதற்கு மருந்து ஆகாது.

லேப்டாப்பாக இருந்தால் சார்ஜர் மாட்டாதபோது மட்டும் மெதுவாகிறதா என்று கவனியுங்கள், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைஃபை சில்லைத் தூங்க வைக்கிற வழக்கம் உண்டு. டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரைத் திறந்து பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் டிக்கை எடுத்தால் போதும். அடாப்டரை இயக்குகிற மென்பொருளான டிரைவர் வேண்டுமானால் அந்த லேப்டாப் அல்லது அடாப்டர் செய்த கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். "உங்கள் இன்டர்நெட்டை பத்து மடங்கு வேகமாக்கும்" என்று வருகிற மென்பொருள்களைத் தொடவே வேண்டாம், அவை வந்த பிறகுதான் பல கம்ப்யூட்டர்கள் மெதுவாகின்றன. எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் கடைசியாக நெட்வொர்க் ரீசெட், செட்டிங்ஸிலேயே இருக்கிறது. அது எல்லா வைஃபை பாஸ்வேர்டையும் மறந்துவிடும், முதலில் எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள். இதை முதலிலேயே செய்கிறவர்கள் உண்டு, வீட்டைச் சுத்தம் செய்ய வெள்ளம் விடுகிற மாதிரி.

ரூட்டரில் கேபிளை நேராகச் சொருகி, இரண்டு வேறு கம்ப்யூட்டரில் பார்த்து, இரண்டிலும் குறைவு என்றால்தான் கம்பெனியைக் கூப்பிட வேண்டும். அப்போது "நெட்டு ஸ்லோ" என்று சொல்லாதீர்கள். "கேபிளில் சோதித்தேன், இணைப்பு 1000 காட்டுகிறது, ரூட்டருக்குப் பிங் 1, வெளியே 150, இறங்குவது 20, நேரம் இரவு எட்டரை" என்று சொல்லிப் பாருங்கள். ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்கிற பாட்டு அங்கேயே நின்றுவிடும்.

மைனிக்கு கடைசியில் கேபிளே போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று, தினமும் வகுப்பு எடுக்கிறவருக்குக் காற்றை நம்பி எதற்கு. எலக்ட்ரீசியன் வந்து தார்சாச் சுவரில் டிரில்லை வைத்தார். பிட் முழுசும் உள்ளே போயும் மறுபக்கம் வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து துளைத்தார், இரண்டும் சந்திக்கவில்லை. காரைத் தூளைத் தட்டிக்கொண்டு பெரியப்பா, "எங்க தாத்தா கட்டுன சுவருல இது" என்றார், வருத்தமா பெருமையா தெரியவில்லை. அப்புறம் நிலைப்படிக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த ஓட்டை வழியாகக் கேபிளைக் கொண்டுபோனோம், கதவு இடுக்குப் பக்கமே போக வேண்டாம் என்று நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். இணைப்பு வேகம் 1000 காட்டுகிறது. ரூட்டருக்குப் பிங் 1-க்குள்.